உப்பின் மேல் விழுந்த சாம்பல்

சனிக்கிழமை காலை எட்டரை மணி. தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில் வன்னியபெருமாள் அண்ணாச்சியின் பலசரக்குக் கடையில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. அவர் துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் எதிரே வந்து நின்றாள். கையில் பை இல்லை. காலில் செருப்பும் இல்லை. பாதமெல்லாம் செக்கச்சிவந்த தேரி மண்.

"அண்ணாச்சி, மேல ஒரு அம்மா இருக்காவளாமே? வானத்துலேருந்து பிடிச்ச படத்தப் பாத்து எங்கன புகை கெளம்பினாலும் சொல்லிப்புடுவாவளாமே? அவியளப் பாக்கணும்."

அண்ணாச்சியின் கையில் தராசு அப்படியே நின்றது. பருப்பு கேட்டவரிடம், "சித்த பொறுங்க" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அறுபது வயதில் அவர் அந்த மாடிப்படியை அவ்வளவு வேகமாக ஏறுவது இந்த மாதிரிச் சமயங்களில் மட்டும்தான்.

மாடி அறையில் ரம்யா நான்கு வருடமாக வாடகைக்கு இருக்கிறாள். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குக் கடல்மேல் பார்வை எவ்வளவு தூரம் தெளிவாக இருக்கும் என்று சொல்லுவது அவள் தொழில். சுமத்ராவில் காடு எரிந்தால் அந்தப் புகை எந்தப் பக்கம் போகிறது, அரபு நாட்டுப் பாலைவனத்தில் கிளம்பிய தூசு என்றைக்கு நம் கடலுக்கு வருகிறது, எல்லாம் செயற்கைக்கோள் படங்களை வைத்தே சொல்லிவிடுவாள். ஒருமுறை கிடங்குத் தீ ஒன்று எந்த மணிக்குப் பிடித்தது என்று அவள் கண்டுபிடித்துச் சொன்னது ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. அப்போது அவளைத் தன் ஆம்னி வேனில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவர் அண்ணாச்சி. அன்றிலிருந்து தன்னையும் பாதித் துப்பறிவாளராகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மீதிப் பாதியை ரம்யாவுக்குப் பெரிய மனதோடு விட்டுக்கொடுத்திருந்தார்.

"படியெல்லாம் மஞ்சளா கெடக்கே அண்ணாச்சி?" என்றாள் ரம்யா, கணினியிலிருந்து தலையை எடுக்காமல்.

"அத ஏன் கேக்க! வியாழக்கிழமை மத்தியானம் கடை வாசல்ல தொங்குத படுதா உள்ள பாத்து அடிச்சு, கடலைமாவு டின்னத் தட்டி விட்டுட்டு. ரெண்டு நாளாப் பெருக்கியும் போவ மாட்டேங்கு. அது கெடக்கட்டும். இந்த அம்மாவுக்கு என்னமோ பிரச்சினை."

வந்தவள் பெயர் செல்லக்கிளி. ஆறுமுகநேரிக்கு மேற்கே, தேரி என்கிற செம்மணல் காட்டின் ஓரத்தில் மகாராஜனுக்குச் சொந்தமான பனந்தோப்பில் அவள் கணவன் பேச்சிமுத்து இருபத்திரண்டு வருடமாகப் பனையேறுகிறான். தோப்பின் மேற்குக் கோடியில் குடிசை; குடிசைக்குப் பக்கத்தில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி போடுகிற அடுப்பு. வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிபோலத் தோப்பு தீப்பிடித்து, கீழே கிடந்த காய்ந்த ஓலை, உடைமுள் எல்லாம் எரிந்து, குடிசையும் போய்விட்டது. அந்த நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் கருப்பட்டியை எடுத்துக்கொண்டு உடன்குடிக்குப் போயிருந்தார்கள்.

"அடுப்புல கெடந்த கங்குதான் கச்சான் காத்துல பறந்து பிடிச்சிருக்குன்னு தோப்புக்காரர் எழுதிக் குடுத்துட்டாரு. நேத்து சாயங்காலம் போலீஸு வந்து எங்க வீட்டுக்காரவியளப் பிடிச்சுட்டுப் போயிட்டாவ. இன்னைக்கு நாலு மணிக்குக் கோர்ட்டுல கொண்டு நிறுத்தப் போறாவளாம்." செல்லக்கிளி அழவில்லை. குரல் மட்டும் கரகரத்தது. "பதினோரு மணிக்கே ஈர மண்ணப் போட்டு அடுப்ப மூடிட்டுத்தாம்மா கெளம்புனோம். தெனமும் அப்படித்தான். ஆனா அவியளுக்கே இப்ப சந்தேகம் வந்துட்டு. 'நான்தான் சரியா மூடலியோ, நான்தான் மரத்தக் கொன்னுட்டனோ'ன்னு ராத்திரி பூரா பொலம்பிக்கிட்டுக் கெடந்தாவளாம்."

ரம்யா எழுந்தாள். நாற்காலியை இழுத்து அவளை உட்காரச் சொன்னாள். பிறகு வியாழக்கிழமைப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அண்ணாச்சி அவள் தோளுக்குப் பின்னால் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

மத்தியானம் ஒன்று வரைக்கும் தேரி வெறும் சிவப்பாகத்தான் தெரிந்தது. அடுத்த படம் மிகவும் துல்லியமானது. கிழக்கு மேற்காக ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பச்சைக் கோடாகத் தோப்பு கிடந்தது. அதன் நடுவிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று கிளம்பி, போகப் போக அகன்று, படத்தின் இடப்பக்கமாக நீண்டு கரைந்தது. நாலரை மணிப் படத்தில் சாம்பல் கீற்றையே காணோம். தேரியிலிருந்து செம்பழுப்பாக ஒரு திரை கிளம்பி, உப்பளங்களை மூடி, கடலுக்கு மேலே வெகுதூரம் பரவியிருந்தது.

"இதென்ன, புகை இவ்வளவு செவப்பா?" என்றார் அண்ணாச்சி.

"அது புகையில்ல அண்ணாச்சி. தேரி மண்ணு. காத்து வாரிக்கிட்டுப் போகுது. புகைன்னா நீலமும் சாம்பலுமாத்தான் தெரியும்."

இரண்டு படங்களையும் அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். "வண்டிய எடுங்க" என்றாள். கீழே பருப்புக்காகக் காத்திருந்தவரை அண்ணாச்சி மறந்தே போனார்.

காவல் நிலையத்தில் பெண் எஸ்.ஐ. இன்பமணி அவர்களை மரியாதையாகவே உட்கார வைத்தார். ஆனால் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

"மேடம், எனக்கும் அந்த ஆளப் பாத்தா பாவமாத்தான் இருக்கு. ஆனா எல்லாம் பொருந்தி வருதே. ஆனி மாசம், கச்சான் காத்து. அடுப்பு மேற்கால, தோப்பு கிழக்கால. ரோட்டுல போன பஸ் டிரைவர் தகவல் சொல்லி, தீயணைப்பு வண்டி வந்து சேர நாலு மணியாயிட்டு. அப்ப எரியறதுக்கே ஒண்ணும் மிச்சமில்ல. கச்சான் மட்டும் மண்ண வாரி வாரி அடிச்சிருக்கு."

கச்சான் என்றால் மேல்காற்று. ஆனி, ஆடியில் அது மேற்கிலிருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டே இருக்கும். அதை மனதில் வைத்துத்தான் அந்தப் பக்கத்தில் துணி காயப்போடுவதிலிருந்து பந்தல் கட்டுவதுவரை செய்வார்கள்.

"தோப்புக்காரர் எப்ப புகார் சொன்னாரு?" என்று கேட்டாள் ரம்யா.

"வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு போன் பண்ணினாரு. பன்னிரண்டு மணியிலேருந்து நாலு மணிவரை தூத்துக்குடியில ஏசி மண்டபத்துல சொந்தக்காரங்க கல்யாணத்துல இருந்திருக்காரு. முந்நூறு பேர் சாட்சி. நேரா அவரோட உப்பளத்துக்குப் போயிருக்காரு. அங்க உப்பு அம்பாரம் மேல ஒரே சாம்பலாம். தோப்புப் புகை கச்சான்ல வந்து என் உப்பையும் கெடுத்துட்டுன்னு சொன்னாரு. வெள்ளிக்கிழமை எழுதியும் குடுத்துட்டாரு. மரமும் அவரோடது, உப்பும் அவரோடது. அவரே ஏன் எரிப்பாரு?"

பேச்சிமுத்து மூலையில் குந்தியிருந்தான். மார்பில் பனையேறிக் காய்ப்புக் காய்த்த தழும்பு. ரம்யா அவன் முன்னால் போய், "அண்ணே, அந்தத் தோப்ப வெட்டணும்னு எப்பவாவது பேச்சு வந்துச்சா?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருசமாப் பேச்சுதாம்மா. சோலார் தகடு போட யாரோ கேக்காவளாம். கலெக்டர் உத்தரவு இல்லாம பனைய வெட்டக் கூடாதுல்லா? எழுதிப் போட்டாரு, கெடைக்கல." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அடுப்ப மூடுனேனா, இல்லியான்னு எனக்கே இப்ப மட்டுப்படல தாயி. மூடுனேன்னுதான் நெனக்கேன்."

"தோப்பையும் உப்பளத்தையும் பாத்துட்டு வாரேன்" என்று எஸ்.ஐ.யிடம் சொன்னாள் ரம்யா. "ரெண்டு மணிக்கு உப்பளத்துக்கு வர முடியுமா? தோப்புக்காரரும் வரணும். இவரையும் கூட்டிட்டு வாங்க. அங்கேருந்து கோர்ட்டு பக்கம்தானே?"

இன்பமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

தோப்பைப் பார்த்ததும் அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். பனைமரத்துக் காசில் படித்து ஆளான குடும்பம் அவருடையது. இடுப்புயரத்துக்குக் கருகிப்போன மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. தரையில் ஓலை ஒன்று பாக்கியில்லை. கச்சான் சாம்பலையெல்லாம் துடைத்துக்கொண்டு போய், மேலே சிவப்பு மண்ணைப் போர்த்தியிருந்தது. மேற்குக் கோடியில் அடுப்பின் வாயில் ஈரமண் காய்ந்து ஓடாக இறுகியிருந்தது. ஆனால் அது தீக்கு முன்னால் போட்ட மண்ணா, பின்னால் போட்டதா என்று யார் சொல்ல முடியும்?

ரம்யா அடுப்பருகே நிற்கவில்லை. தோப்பின் நடுவுக்கு நடந்தாள். அங்கே ஒரு பழைய கிணறு. சுற்றிலும் கம்பிவேலி, இரும்புக் கேட், பூட்டு. சாவி தோப்புக்காரரிடம் மட்டும்தான் உண்டு என்றாள் கூட வந்த செல்லக்கிளி. ரம்யா வேலியைச் சுற்றி வந்து, உட்புறமிருந்த ஒரு கல்தூணுக்கு நேரே, வேலி ஓரமாகக் குனிந்தாள்.

"அண்ணாச்சி, இது என்ன?"

தூணில் ஒரு சாண் நீளத்துக்குக் கயிறு கட்டியிருந்தது. ஒரு முனை முடிச்சு. மறுமுனை கருகி நின்றது. அண்ணாச்சிக்கு அதைப் பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம்.

"இது தெரியாதா! தேங்கா நாருல திரிச்ச கயிறு. எங்க அப்பா காலத்துல கடை வாசல்ல இதக் கொளுத்தித் தொங்க விட்டிருப்போம். பீடி பத்தவைக்க வாரவன் இதுல பத்த வச்சுக்குவான். சொணங்கிச் சொணங்கி எரியும். பதினோரு மணிக்குப் பத்த வச்சா ரெண்டு, ரெண்டரை மணிநேரம் கங்கு போய்க்கிட்டே இருக்கும்."

"ரெண்டரை மணிநேரம்" என்று அவள் திரும்பச் சொன்னாள். அண்ணாச்சி பெருமையோடு தலையாட்டினார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு இன்னும் முழுசாக விளங்கவில்லை.

இரண்டு மணிக்கு உப்பளத்தில் ஈ காக்கை இல்லை. விடியுமுன்னே வேலைக்கு இறங்குகிற உப்பளத்து ஆட்கள் வெயில் ஏறுமுன் பதினோரு மணிக்கெல்லாம் கரையேறிவிடுவார்கள். வெள்ளைப் பாத்திகள் கண்ணைக் கூசின. பக்கத்து உப்பளக்காரர்கள் போன வாரமே மூட்டை ஏற்றிவிட்டதால் மகாராஜனின் அம்பாரம் ஒன்றுதான் அங்கே நின்றது. அதன் மேற்குப் பக்கம் முழுவதும் கறுப்பு.

மகாராஜன் காரிலிருந்து இறங்கினார். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. "வாங்க அண்ணாச்சி, நீங்களும் வந்தீயளா?" என்று சிரித்தார். எஸ்.ஐ. ஜீப்பிலிருந்து பேச்சிமுத்துவை இறக்கினார். செல்லக்கிளி கணவனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"சார், உப்பு எப்ப கருத்துச்சு?" என்று கேட்டாள் ரம்யா.

"நான்தான் எழுதிக் குடுத்திருக்கேனேம்மா. மத்தியானம் தீ பிடிச்சுது. கச்சான் அடிக்கு. புகை வேற எங்கன போவும்? கிழக்க வந்து எம் உப்பு மேல கொட்டிட்டு. சாயங்காலம் வந்து பாத்தா இந்தக் கோலம்."

ரம்யா அண்ணாச்சியிடமிருந்து வாங்கி வைத்திருந்த அரிசி கிளறுகிற தகட்டை எடுத்து, அம்பாரத்தின் கறுத்த பக்கத்தில் மெதுவாகச் செருகி, கேக் வெட்டுவதுபோல ஒரு துண்டைத் தனியாக எடுத்தாள். தகட்டை எல்லோருக்கும் தெரியும்படி நீட்டினாள்.

"எஸ்.ஐ. மேடம், என்ன தெரியுது?"

"மேல கறுப்பு. அதுக்குக் கீழ சிவப்பா ஒரு கோடு. அடியில வெள்ளை."

"நல்லாப் பாத்து மனசுல வச்சுக்குங்க" என்றாள் ரம்யா. பையிலிருந்து முதல் படத்தை எடுத்தாள். "இது தோப்பு. இந்தச் சாம்பல் கீற்றுதான் புகை. புகை எப்பவும் பிறக்கிற இடத்துல ஒல்லியா இருக்கும், போகப் போக அகலும். ஒல்லியான முனை எங்க இருக்கு? கிணத்துப் பக்கம், தோப்புக்கு நடுவுல. அகலமான வால் எந்தப் பக்கம் போகுது?"

இன்பமணி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மேற்கால்ல போகுது!"

"மேற்கேதான். அடுப்புக்கு மேல ஏறிச் சாத்தான்குளத்தப் பாத்துப் போகுது. அப்ப காத்து கிழக்கேருந்து, கடல்லேருந்து அடிச்சிருக்கு. அடுப்புல கங்கே கெடந்திருந்தாலும் அரை கிலோமீட்டர் காத்த எதுத்துப் பறந்து போய்க் கிணத்தடியில விழுமா? காத்த எதுத்து ஊர்ந்து ஊர்ந்துதான் கிழக்குப் பாதியும் எரிஞ்சிருக்கு."

மகாராஜன் படத்தை எட்டிப் பார்த்தார். ஓரத்தில் அச்சாகியிருந்த எண்ணில் விரலை வைத்தார். "எட்டு மணி பன்னிரண்டு நிமிசம்னு போட்டிருக்கே! தீப்பிடிச்சது மத்தியானம். இது காலையில எவனோ குப்பையக் கொளுத்துன புகையா இருக்கும். இதக் காட்டி யாரு காதுல பூச்சுத்துதீய?"

அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. அந்த எண்ணை அவரும் கவனித்திருந்தார். ரம்யாவோ நிதானமாகச் சொன்னாள்:

"செயற்கைக்கோளுக்கு நம்ம ஊர் நேரம் தெரியாது சார். உலகத்துக்கெல்லாம் பொதுவான நேரத்தத்தான் போடும். அதோட அஞ்சரை மணிநேரம் கூட்டணும். எட்டு பன்னிரண்டோட அஞ்சரை கூட்டினா?"

"ஒண்ணு நாப்பத்திரண்டு!" என்று அண்ணாச்சி கத்தியே விட்டார். கடைக்காரருக்குக் கூட்டல் சொல்லித் தர வேண்டுமா?

"ஆனியில கொண்டலா? கடல்காத்து அடிச்சா ஊருக்கே தெரிஞ்சிருக்குமே மேடம்" என்றார் இன்பமணி.

"தெரிஞ்சுதான் இருக்கு. யாரும் கணக்குல எடுத்துக்கல. அண்ணாச்சி கடை கிழக்குப் பாத்த கடை. கச்சான் அடிச்சா வாசல் படுதா ரோட்டப் பாத்துப் பறக்கும். வியாழக்கிழமை மத்தியானம் மட்டும் உள்ள பாத்து அடிச்சுக் கடலைமாவத் தட்டி விட்டிருக்கு. எப்பவாவது கச்சான் ரெண்டு மணிநேரம் ஓய்ஞ்சு போகும், கடல்காத்து உள்ள வந்துட்டுப் போகும். மூன்றரைக்கு மேல கச்சான் திரும்பிட்டு. தீயணைப்பு வண்டிக்காரங்க பாத்தது அந்தக் கச்சானத்தான்."

அண்ணாச்சி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இரண்டு நாளாகத் திட்டிக்கொண்டே பெருக்கிய மாவு ஒரு மனுஷனைக் காப்பாற்றப் போகிறதென்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த நிமிடம் ரம்யாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது அவருக்கு.

ரம்யா இரண்டாவது படத்தை நீட்டினாள். "இது நாலரை மணி. புகையே இல்ல. கச்சான் தேரி மண்ண வாரி இந்த உப்பளத்து மேல கொட்டுது. அந்த மண்ணுதான் நீங்க பாத்த சிவப்புக் கோடு. தீப்புகைச் சாம்பல் இங்க விழுந்திருந்தா மண்ணுக்கு முன்னால விழுந்திருக்கணும். சிவப்புக்குக் கீழ இருக்கணும். தரையில கெடந்த சாம்பலக் கச்சான் வாரிட்டு வந்துச்சுன்னா, மண்ணோட கலந்திருக்கணும். இங்க சிவப்பு தனியா படிஞ்சு, அதுக்கு மேல கறுப்பு தனியா கெடக்கு. மண் மழை ஓஞ்சதுக்கப்புறம், அஞ்சே முக்கால் போனுக்கு முன்னால, யாரோ கையால தூவியிருக்காங்க. அதுவும் கச்சான் வார மேற்குப் பக்கமாப் பாத்து, ரொம்பக் கவனமா."

மகாராஜனின் நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து வழிந்தது.

"நான் மண்டபத்துலல்லா இருந்தேன்!" என்றார் அவர். "நாலு மணிவரைக்கும் வெளிய தலையே காட்டல. முந்நூறு பேரக் கேளுங்க!"

"கேக்க வேண்டாம் சார், நம்புதேன்" என்றாள் ரம்யா. "அதனாலதான் மாட்டிக்கிட்டீங்க. வெயில்ல நின்ன யாரும் அந்தப் புகை கிழக்க வந்துச்சுன்னு சொல்ல மாட்டாங்க. மூடின ஏசி மண்டபத்துக்குள்ள இருந்தவருக்குத்தான் காத்து மாறினது தெரியாது. இவங்க பதினோரு மணிக்குக் கெளம்பிப் போனதும் நீங்க தோப்புல நின்னப்ப கச்சான் அடிச்சிட்டு இருந்துச்சு. கிணத்து வேலிக்குள்ள தூணுல கயித்தக் கட்டி, நுனியில கங்கு வச்சு, அது ஊர்ந்து வந்து சேருற இடத்துல காஞ்ச ஓலையக் குவிச்சு, கேட்டப் பூட்டிட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டீங்க. நல்ல மரத்த வெட்டத்தானே உத்தரவு கெடைக்காது? கருகினதுன்னு எழுதி வாங்கிட்டா, வெட்டிட்டு எடத்த சோலாருக்குக் குடுத்துடலாம்ல? திரும்பி வரும்போது, புகை இந்தப் பக்கந்தான் வந்திருக்கும்னு நம்பி, உங்களுக்கும் நட்டம்னு காட்ட உப்பு மேல சாம்பலத் தூவுனீங்க."

வேலி இடுக்கில் குச்சியை விட்டு ஒடித்தெடுத்து, காகிதத்தில் சுற்றி வைத்திருந்த கயிற்றுத் துண்டை அவள் இன்பமணியிடம் கொடுத்தாள். "தூணுல பாதிய விட்டு வச்சிருக்கேன் மேடம். நீங்களே வந்து அவிழ்த்துக்குங்க."

"கேட் சாவியக் குடுங்க" என்று இன்பமணி மகாராஜனிடம் கையை நீட்டினார். "உங்க கார் டிக்கியையும் திறங்க."

டிக்கியில் ஒரு காலிச் சாக்கு கிடந்தது. உதறியதும் கறுப்பாக உதிர்ந்தது. மகாராஜன் பக்கத்தில் நின்ற அண்ணாச்சியைப் பார்த்தார், உதவிக்குக் கூப்பிடுகிற மாதிரி. அண்ணாச்சி கோபத்தோடு ஓர் அடி முன்னால் வந்தார்.

"பனை போட்ட சோத்தத் தின்னு வளந்த கைதானல்லா ஒம்ம கை? இருபத்திரண்டு வருசம் ஏறுனவன் தலையில பழியத் தூக்கிப் போட எப்படி வே மனசு வந்துச்சு?"

ஜீப்பில் மகாராஜன் ஏறினார்; பேச்சிமுத்து ஏறவில்லை. "நீங்க வீட்டுக்குப் போலாம். ஒரு கையெழுத்து மட்டும் திங்கக்கிழமை வந்து போடுங்க" என்றார் இன்பமணி. ரம்யாவைப் பார்த்து ஒரு சல்யூட்டும் வைத்துவிட்டுப் போனார்.

பேச்சிமுத்து அப்போதும் நின்ற இடத்திலேயே நின்றான். விடுதலை ஆனது அவன் காதில் ஏறின மாதிரியே தெரியவில்லை. "அந்தப் படத்த ஒருக்கா காட்டுவியளா?" என்று கேட்டான்.

ரம்யா கொடுத்தாள். அவன் விரலால் புகையின் வாலைத் தொட்டுக்கொண்டே வந்து, ஒல்லியான முனையில் நிறுத்தினான்.

"அப்ப எம் அடுப்பு இல்ல."

"உங்க அடுப்பு இல்ல அண்ணே. நீங்க மூடுனது சரியா மூடுனதுதான்."

அவன் படத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான். "தோப்புக்குப் போணும்" என்றான். வீட்டுக்கு என்று சொல்லவில்லை. வீடுதான் இல்லையே.

ஆம்னி தேரியில் முனகிக்கொண்டு நின்றதுதான் தாமதம், பேச்சிமுத்து இறங்கி முதல் மரத்துக்கு ஓடினான். கருகிய அடிமரத்தில் உள்ளங்கையை வைத்தான். பிறகு காலில் தளைக்கயிறுகூட இல்லாமல் கட்டிப்பிடித்து ஏறினான். உடம்பெல்லாம் கரி. கச்சானில் மரம் ஆடியது. உச்சியில் அவன் அனலில் வாடிய மட்டைகளை விலக்கி உள்ளே கையை விட்டான்.

"ஏளா செல்லம்! குருத்து பச்சையா இருக்குளா! நெருப்பு மேல ஏறல! பொழச்சுக்கிடும்ளா, எல்லாம் பொழச்சுக்கிடும்!"

காலையிலிருந்து கண்ணில் ஒரு சொட்டு விடாதிருந்த செல்லக்கிளி அந்தச் சிவப்பு மண்ணில் அப்படியே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அண்ணாச்சியும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரம்யா தன்னைப் பார்ப்பது தெரிந்ததும், "இந்தக் கச்சான் மண்ணு கண்ணுக்குள்ளயே அடிக்கு" என்றார்.

"ஆமா அண்ணாச்சி" என்றாள் அவள். அப்போது காற்று அவர்கள் முதுகுப் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது. அதை அவள் சொல்லிக்காட்டவில்லை.